சின்ன மொழியைக் கற்றால் அது பிழைத்துவிடுமா?

மொழி அழிவு என்று பேச்சு எழுந்தால் நம்மிடையே இரண்டு விதமான செய்திகள் கிளம்பும். ஒன்று, தமிழ் சீக்கிரமே அழிந்துவிடும் என்று யுனெஸ்கோ சொல்லிவிட்டதாகச் சுற்றிவரும் வாட்ஸ்அப் செய்தி. யுனெஸ்கோ தொகுத்த அழிவுநிலை மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. நீலகிரியின் தோடாவும் கோத்தாவும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் ஃபார்வர்டு அனுப்புவதில்லை. இன்னொன்று இதற்கு நேர் எதிரான உற்சாகம்: செல்போன் செயலிகளில் ஆளாளுக்குச் சின்னச் சின்ன மொழிகளைக் கற்கத் தொடங்கிவிட்டார்கள், இனி எந்த மொழியும் சாகாது என்பது.

இரண்டுக்கும் அடியில் ஒரே குழப்பம்தான். ஒரு மொழி எதனால் உயிரோடு இருக்கிறது, வெளியிலிருந்து வந்து கற்பவர்கள் அதில் எந்த இடத்தில் பொருந்துகிறார்கள் என்பது தெளிவாக இல்லை. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். பெரும்பாலும் இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸ் நாட்டின் வெல்ஷ் மொழியை வைத்தே பேசப்போகிறேன். உலகத்தையே ஆளும் ஆங்கிலத்தின் வாசலிலேயே பல நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்த மொழி அது. 1891 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதைப் பற்றிய கேள்வியும் இருக்கிறது என்பதால், நடந்ததை எண்களோடு பார்க்க முடியும்.

முதலில், எது சின்ன மொழி?

அமெரிக்கக் கல்வித் துறையில் "குறைவாகக் கற்பிக்கப்படும் மொழிகள்" என்று ஒரு வகை உண்டு. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் நீங்கலாக மற்ற எல்லாமே அதில் அடக்கம். சீனமும் அரபியும் இந்தியும் தமிழும்கூட அங்கே அந்தக் கூட்டத்தில்தான் நிற்கின்றன. அது அந்த நாட்டு வகுப்பறைகளைப் பற்றிய பெயர், மொழியின் உடல்நிலையைப் பற்றியது இல்லை. இதையும் அழியும் மொழிகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் கட்டுரைகள் நிறைய.

அடுத்து, பேசுவோர் எண்ணிக்கை. ஐஸ்லாந்து மொழியைப் பேசுபவர்கள் நான்கு லட்சம் பேர்கூட இல்லை. தனக்கென்று ஒரு மொழி உள்ள பேரோ தீவுகளின் மக்கள்தொகையே 55 ஆயிரத்தை ஒட்டித்தான். ஆனால் இரண்டு இடங்களிலும் குழந்தைகள் அந்தந்த ஊர் மொழியில்தான் அழுகிறார்கள், அடம்பிடிக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரு, பொலிவியா, எக்வடோர் நாடுகளில் பல லட்சம் பேர் பேசுகிறார்கள். இருந்தும் நகரத்துக்குப் பிழைக்க வந்த பெற்றோர்கள் பிள்ளைகளிடம் ஸ்பானிஷ் பேசுவதால் அவற்றின் பல வட்டார வடிவங்கள் ஆபத்தில் இருக்கின்றன.

எண்ணிக்கை ஒன்றும் பொருட்டில்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் அதை மட்டும் பார்த்தால் கணிப்பு தப்பிப்போகும்.

ஏரியும் வரத்துக்காலும்

ஓர் ஏரியில் இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பதை வைத்து அடுத்த கோடையில் அதன் நிலையைச் சொல்ல முடியாது. வரத்துக்கால் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்கிரமிப்பில் வரத்துக்கால் அடைபட்ட பெரிய ஏரி சில வருடம் பெருமையாக நிறைந்து நிற்கும், அப்புறம் காய்ந்துவிடும். சின்னக் குட்டையானாலும் வரத்து இருந்தால் வற்றாது.

மொழிக்கு வரத்துக்கால் என்பது வீட்டில் குழந்தையிடம் பேசுவது. பெரியவர்கள் தங்கள் மொழியைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியாகக் கொடுத்துவிட்டுப் போவதை தலைமுறைக் கையளிப்பு என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். யுனெஸ்கோவின் அளவுகோலும் பெரும்பாலும் இதன் மேல்தான் நிற்கிறது. பெரும்பாலான குழந்தைகள் பேசினாலும் வீடு போன்ற சில இடங்களில் மட்டுமே பேசினால் மொழி முதல் படி ஆபத்தில் இருக்கிறது. குழந்தைகள் வீட்டில் கற்பதே நின்றுவிட்டால் அடுத்த படி. தாத்தா பாட்டிகள் மட்டும் பேசினால் அதற்கும் கீழே. அவர்களும் அரைகுறையாக, எப்போதாவது பேசினால் கடைசிப் படி. பட்டியலைப் பார்த்தாலே தெரியும், கேள்வி "எத்தனை பேர்" என்பதைவிட "எந்த வயதுக்காரர்" என்பதில்தான் இருக்கிறது.

வரத்துக்கால் அடைபடுவது எப்படி?

ஒரு சமூகம் தன் மொழியை மெல்ல விட்டுவிட்டு வேறொன்றுக்கு நகர்வதற்கு மொழிப் பெயர்வு என்று பெயர். இது பெரும்பாலும் தடைச் சட்டத்தால் மட்டும் நடப்பதில்லை. வேல்ஸ் கதை இந்த இடத்தில்தான் சுவாரசியமாகிறது.

1536ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்து, நீதிமன்றத்துக்கும் அரசுப் பதவிக்கும் ஆங்கிலமே மொழி என்றது. ஆனாலும் அதற்குப் பிறகு மூன்று நூற்றாண்டுகள் சாதாரண மக்கள் வெல்ஷ் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். 1847ல் வெல்ஷ் தெரியாத மூன்று ஆங்கிலேய ஆணையர்கள் பள்ளிகளைப் பார்வையிட்டு, மக்களின் ஒழுக்கத்துக்கும் முன்னேற்றத்துக்கும் அந்த மொழியே தடை என்று அறிக்கை கொடுத்தார்கள். ஊரே கொதித்தது. அதே சமயம், பிள்ளை முன்னேற வேண்டுமானால் ஆங்கிலம் வேண்டும் என்ற எண்ணமும் ஆழமாக வேரூன்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளிகள் சிலவற்றில், வெல்ஷ் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசுகிறாரோ அவர் கழுத்துக்கு அது மாறும். பள்ளி விடும்போது யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அடி. இதை அரசாங்கம் ஆணையிட்டு நடத்தியதாகப் பலர் எழுதுகிறார்கள். அப்படி ஓர் ஆணை கிடையாது. அந்தந்தப் பள்ளிகள் தாங்களாகச் செய்தவை, பல இடங்களில் பெற்றோரின் ஒப்புதலோடு. எனக்கு இதுதான் அந்த மரத்துண்டைவிடக் கனமான விஷயமாகப் படுகிறது. பெற்றோர் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைக்கு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள். ஒவ்வொரு வீட்டிலும் நியாயமாகத் தெரிந்த முடிவு ஊர் மொத்தத்துக்கும் கூட்டிப் பார்க்கும்போது ஒரு மொழியின் முடிவாகிவிடுகிறது.

இதனுடன் நிலக்கரியும் சேர்ந்தது. தெற்கு வேல்ஸின் சுரங்கங்களுக்கு இங்கிலாந்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். விளைவைப் பாருங்கள். 1911 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுபவர்கள் சுமார் 9.77 லட்சம். எந்தக் கணக்கெடுப்பிலும் அதற்கு மேல் பதிவானதில்லை. ஆனால் 1891ல் மக்களில் பாதிக்கு மேல் இருந்தவர்கள், அந்த 1911ல் 43.5 சதவீதம் ஆகிவிட்டிருந்தார்கள். ஏரி ததும்பி நின்ற அதே வருடத்தில் வரத்துக்கால் அடைபட்டுக்கொண்டிருந்தது.

தமிழர்களுக்கும் இது புதிதில்லை. 1860 முதல் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்களின் வழிவந்த தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பெரும்பாலானோருக்கு இன்று வீட்டு மொழி ஆங்கிலம். கோயில் இருக்கிறது, காவடி இருக்கிறது, பெயர் இருக்கிறது. பேச்சு மட்டும் சில தலைமுறைகளில் போய்விட்டது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஆபத்தின் அளவு ஆள் எண்ணிக்கையில் இல்லை, குழந்தைகள் அந்த மொழியை எடுத்துக்கொள்கிறார்களா என்பதில் இருக்கிறது. அது நின்றுபோவதற்கு முக்கியக் காரணம், வாழ்க்கை முன்னேற்றம் வேறொரு மொழியில்தான் இருக்கிறது என்று பெற்றோர் முடிவு கட்டுவது.

பேச ஓர் இடம் வேண்டும்

ஒரு மொழி வழக்கமாகப் பேசப்படும் வாழ்க்கைப் பகுதியைப் புழங்குகளம் என்பார்கள். வீடு ஒரு களம், கடை ஒன்று, பள்ளி ஒன்று, வங்கி ஒன்று, தொலைக்காட்சி ஒன்று. மொழிப் பெயர்வின்போது மொழி இந்தக் களங்களை ஒவ்வொன்றாக இழக்கும். கடைசியில் சமையலறையும் வழிபாடும் மிஞ்சும்.

1965ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக வேல்ஸின் ட்ரிவெரின் பள்ளத்தாக்கை நீர்த்தேக்கமாக்கினார்கள். முழுக்க வெல்ஷ் பேசிய கேப்பல் கெலின் கிராமம் மூழ்கியது. ஏரியை உவமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இந்த ஏரி குறுக்கே வருகிறது, என்ன செய்வது! அந்தக் கிராமத்தோடு ஒரு பள்ளி, ஒரு தபால் அலுவலகம், ஒரு தேவாலயம் போயின. மொழி இயல்பாகப் புழங்கிய மூன்று களங்கள்.

அதே காலத்தில்தான் எதிர்த்திசையிலும் வேலை தொடங்கியது. 1962ல் வெல்ஷ் மொழிச் சங்கம் உருவாகி, சாலைப் பலகை முதல் நீதிமன்ற அழைப்பாணை வரை வெல்ஷில் வேண்டும் என்று போராடியது. வெல்ஷ் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன வாக்கிலிருந்து அரசு பின்வாங்கியபோது, 1980ல் வெல்ஷ் தேசியவாதக் கட்சியின் தலைவர் க்வின்வோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். அரசு இறங்கி வந்தது. 1982ல் அலைவரிசை தொடங்கியது. ஒரு சானலுக்காகவா உயிரைக் கொடுப்பார்கள் என்று கேட்கலாம். அவர்கள் கேட்டது நாடகம் பார்க்க மட்டும் இல்லை. குழந்தைகள் மாலையில் உட்காரும் களம் அது.

பள்ளிக்கூடம் போதுமா?

வீட்டு வரத்து அடைபட்ட இடங்களில் பள்ளி வழியாக ஒரு புது வாய்க்கால் வெட்டலாம். எல்லாப் பாடத்தையும், விளையாட்டையும் சாப்பாட்டு நேரத்தையும்கூட அந்த மொழியிலேயே நடத்துவதற்கு அமிழ்வுக் கல்வி என்று பெயர். வேல்ஸில் இப்படி முதல் தொடக்கப் பள்ளி 1939ல் அபெரிஸ்ட்வித் ஊரில் ஏழு பிள்ளைகளோடு தொடங்கியது. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982ல் கோஹங்கா ரெயோ என்ற மழலையர் இல்லங்களைத் தொடங்கினார்கள். மொழி நன்றாகத் தெரிந்த தாத்தா பாட்டிகளைக் கூட்டிவந்து, மொழி தெரியாத பெற்றோரின் குழந்தைகளோடு உட்காரவைத்தார்கள். நடுவில் விட்டுப்போன தலைமுறையைத் தாண்டிப் பாலம் போட்டார்கள் என்று சொல்லலாம்.

அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவே கடலில் இருக்கும் மான் தீவில் இதைவிட விசித்திரம். மான்க்ஸ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் என்று கருதப்பட்ட நெட் மாட்ரெல் 1974ல் இறந்தார். ஆனால் அதற்கு முன்பே சில ஆர்வலர்கள் அவரைப் போன்றவர்களிடம் போய் உட்கார்ந்து மொழியைக் கற்றிருந்தார்கள். அப்படிக் கற்றவர்கள் தொடங்கிய முயற்சியில் 2001ல் மான்க்ஸ் வழிப் பள்ளி ஒன்று உருவானது. யுனெஸ்கோ 2009ல் அந்த மொழி அழிந்துவிட்டது என்று வகைப்படுத்தியபோது, பள்ளிப் பிள்ளைகள் மான்க்ஸிலேயே கடிதம் எழுதி, அப்படியானால் நாங்கள் எழுதுவது எந்த மொழி என்று கேட்டார்கள். வகைப்பாடு மாற்றப்பட்டது.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இப்போது அயர்லாந்தைப் பாருங்கள். நாடு விடுதலை பெற்ற 1920கள் தொட்டுப் பள்ளியில் எல்லாருக்கும் ஐரிஷ் பாடம் உண்டு. 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 18.7 லட்சம், அதாவது மக்களில் 40 சதவீதம். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறோம் என்றவர்கள் ஏறக்குறைய 72 ஆயிரம். ஒரு நூறு வருடம் ஒரு நாடே கற்றிருக்கிறது. கற்றுவிட்டு வீட்டுக்கு வந்து ஆங்கிலம் பேசியிருக்கிறது.

ஐரிஷ் வெறும் பாடமாக இருந்தது. அதில் பரீட்சை எழுதினார்கள், அதில் பந்து விளையாடவில்லை. இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு "இத்தனை லட்சம் பேர் கற்கிறார்கள்" என்று எழுதும் எந்தச் செய்தியையும் நான் அரைக்கண்ணால்தான் படிப்பேன்.

வளர்ந்தபின் கற்பவர்கள்

சரி, பெரியவர்கள் கற்பதற்கு வருவோம். வீட்டில் கிடைக்காமல், பள்ளியிலோ வளர்ந்தபின் தானாகவோ கற்று அந்த மொழியை அன்றாடம் பேசும் நிலைக்கு வந்தவரைப் புதிய பேச்சாளர் என்கிறார்கள். இதில் "அன்றாடம்" என்ற பகுதிதான் கடினம்.

வேல்ஸ் இதற்கென்று நல்ல ஏற்பாடுகளைச் செய்துவைத்திருக்கிறது. இஸ்ரேலில் குடியேறிகளுக்கு எபிரேயம் கற்பித்த உல்பான் என்ற தீவிர வகுப்பு முறையை 1970களில் அப்படியே பெயரோடு எடுத்துக்கொண்டார்கள். வாரத்தில் பல நாள், பேச்சுக்கு முதலிடம், இலக்கணம் பிறகு. ஹ்லீன் தீபகற்பத்தில் கல்குவாரி மூடியபின் ஆளில்லாமல் கிடந்த நான்ட் குர்த்தெய்ர்ன் கிராமத்தை 1978ல் வாங்கிப் புதுப்பித்து, தங்கிப் படிக்கும் மொழி மையமாக மாற்றினார்கள். ஆண்டுதோறும் நடக்கும் ஐஸ்டெட்வோட் கலைவிழா முழுக்க வெல்ஷில் நடக்கும். அதில் சிறந்த கற்பவருக்கென்றே ஒரு விருது உண்டு.

இத்தனை இருந்தும் கற்பவர் எங்கே இடறுகிறார்? வகுப்பை விட்டு வெளியே வந்த முதல் கடையில். தயங்கித் தயங்கி வெல்ஷில் ரொட்டி கேட்பார். கடைக்காரர் அன்பாகச் சிரித்து ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சிரமப்படுத்த வேண்டாமே என்ற மரியாதை. நம்மூரிலும் இதையேதான் செய்கிறோம். வெளிமாநிலத்துக்காரர் உடைந்த தமிழில் வழி கேட்டால், நமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் பதில் சொல்வோம். அவர் அடுத்த முறை தமிழில் கேட்கவே மாட்டார். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவருக்கு எதிரே நிற்கும்போது, பெரிய மொழியே எப்போதும் சுலபமான வழி. சின்ன மொழியைக் கற்பவரின் சிக்கல் இதுதான், பிரெஞ்சு கற்பவருக்குப் பாரிஸில் வரும் சிக்கலைவிடப் பெரியது, ஏனென்றால் இங்கே ஆங்கிலம் தெரியாத வெல்ஷ்காரர் என்று பெரியவர்களில் ஏறக்குறைய யாருமே இல்லை. ஆங்கிலத்துக்குத் தப்பிக்கும் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது.

இதற்கு வேல்ஸில் கண்டுபிடித்த தீர்வு ரொம்ப எளிமையானது. ஆரஞ்சு நிறத்தில் பேச்சுக்குமிழி வடிவ பேட்ஜ். வெல்ஷ் பேசும் ஊழியர்கள் சட்டையிலோ அடையாள அட்டைக் கயிற்றிலோ அணிவார்கள். கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு வேறொரு வகை. அதைப் பார்த்தால் எதிரே இருப்பவர் பொறுமையாக, ஆங்கிலத்துக்குத் தாவாமல் பேசலாம். மானம் போகாமல் தப்பாகப் பேசுவதற்கு ஓர் அனுமதிச் சீட்டு. கோடிக்கணக்கில் செலவழித்த பல திட்டங்களைவிட இந்த பேட்ஜ் புத்திசாலித்தனமானது என்பது என் அபிப்பிராயம்.

செயலிகளும் இணையமும்

டுவோலிங்கோ செயலியில் வெல்ஷ் 2016ல் வந்தது. அதனால் உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தொடங்க முடிந்தது, வெட்கமில்லாமல் தப்பு செய்ய முடிந்தது. ஆனால் செயலி கொண்டுவருவது லாரித் தண்ணீர். ஏரிக்குள் விழும், வரத்துக்காலாக மாறாது. அந்தச் செயலியில் பழகியவர்களில் யாராவது வகுப்புக்குப் போய், ஆட்களோடு பேசி, பிறகு தன் குழந்தையிடமும் பேசினால்தான் கணக்கு மாறும். அது நடப்பதும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி, வெல்ஷ் தெரிந்த இரு பெற்றோர் உள்ள வீடுகளில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளில் ஐந்துக்கு நான்கு பேர் வெல்ஷ் பேசினார்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த வீடுகளில் அது பாதிக்கும் குறைவு. அப்படியானால், மொழி தெரியாத மற்றவர் கற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். பெரியவர்களுக்கான வகுப்பு ஏரியை நேரடியாக நிரப்புவதைவிட, வீட்டு வாய்க்காலில் கிடக்கும் மண்ணை அள்ளும்போதுதான் அதிகம் பயன்படுகிறது.

அதனால், உங்களுக்கு ஒரு சின்ன மொழியைக் கற்கும் ஆசை இருந்தால், "நல்ல செயலி எது" என்று தேடுவதற்கு முன் அந்த மொழியில் வாரத்துக்கு ஒருமுறையாவது பேச யார் கிடைப்பார் என்று தேடுங்கள். அந்த ஆளிடம், நான் தடுமாறினாலும் ஆங்கிலத்துக்கு மாறாதீர்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக: பள்ளியும் வகுப்பும் செயலியும் பேசத் தெரிந்தவர்களை உருவாக்கும். பேசுகிறவர்களாக அவர்கள் மாறுவதற்குக் களமும் எதிரே பொறுமையாகப் பேசும் ஓர் ஆளும் வேண்டும்.

எண்களைப் படிக்கும்போது

வெல்ஷ் அரசு 2017ல் ஓர் இலக்கு வைத்தது: 2050க்குள் பத்து லட்சம் பேச்சாளர்கள். செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டது இந்த எண்ணைத்தான். 2021 கணக்கெடுப்பில் வந்தது 5.38 லட்சம், 17.8 சதவீதம். 2011ஐவிடக் குறைவு. ஆனால் இந்தக் குறைவில் பெரும்பங்கு குழந்தைகளுடையது. குழந்தைக்கு வெல்ஷ் தெரியுமா என்று படிவத்தில் நிரப்புவது பெற்றோர். கணக்கெடுத்தது கொரோனாவால் பள்ளிகள் மூடித் திறந்துகொண்டிருந்த 2021 மார்ச்சில். ஆகவே உண்மையிலேயே எவ்வளவு குறைந்தது என்று அங்கே இன்னும் வாதம் நடக்கிறது.

வெல்ஷ் வலுவாக இருக்கும் க்வினெத் மாவட்டத்தில் 64 சதவீதம் பேர் பேசுகிறார்கள். அங்கே இன்றைய தலைவலி வகுப்பறை சம்பந்தப்பட்டதே இல்லை. கடலோரக் கிராமங்களில் வெளியூர்க்காரர்கள் விடுமுறை வீடுகளாக வாங்கிப் போடுவதால் விலை ஏறி, உள்ளூர் இளைஞர்கள் வீடு வாங்க முடியாமல் வெளியேறுகிறார்கள். அவர்களோடு வரத்துக்காலும் வெளியேறுகிறது. மொழிக் கொள்கை பேசப் போனால் வீட்டு வரி பேச வேண்டியிருக்கிறது.

அதே 2017 திட்டத்தில் இரண்டாவது இலக்கு ஒன்றும் உண்டு. தினமும் வெல்ஷ் பேசுபவர்களை மக்கள்தொகையில் 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்துவது. இதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேட்பதில்லை, தனியாக மொழிப் பயன்பாட்டு ஆய்வு நடத்தித்தான் தெரிந்துகொள்கிறார்கள். 2019-20ல் நடந்த ஆய்விலும் அது 10 சதவீதத்தை ஒட்டியே நின்றது. பத்து லட்சம் என்ற எண்ணைவிட, இந்தப் பத்து பதினொன்றாகிறதா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.